கலைப்படத்தில் சிரிக்கலாமா? உறவுகளும் நகைச்சுவையும்: விவாத இழை

பழையகொட்டகை (தருமபுரி) எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) திரையிட்டோம். உரக்கடை மாடியில் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் எங்களுக்குத் திரை. வந்தவர்களில் பாதிப் பேர் இயக்குநரின் பெயரையே அன்றுதான் கேட்டார்கள். வீட்டுப் பெண்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஆங்கிலத் துணைவசனத்தை ஒருவர் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

தாயின் இறுதிச் சடங்கு முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மூத்த மகள் ஷிகே, அம்மாவின் உடைகளில் இன்னின்னது நினைவுக்கு எனக்கு வேண்டும் என்று தங்கையிடம் கேட்கிறாள். பின்வரிசையில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு மூத்த நண்பர் திரும்பிப் பார்த்து, “இது சிரிக்கிற இடமா?” என்று அதட்டினார். படம் முடிந்து தேநீர் குடிக்கும்போதும் அவர் கோபம் ஆறவில்லை. உலகமே கண்ணீர் விட்ட படத்தில் நம் ஊர் ஆட்கள் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. படம் தொடங்கும்போதே ஓசு நம்மைச் சிரிக்கத்தான் கூப்பிடுகிறார். டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிழவியோடு புறப்படும் கிழவர் மூட்டை கட்டுகிறார். காற்றடைக்கும் தலையணையைக் காணோம். உன்னிடம்தான் கொடுத்தேன் என்கிறார். இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது என்கிறாள் கிழவி. கடைசியில் அது அவருடைய பைக்குள்தான் இருக்கிறது. கிடைத்துவிட்டது என்று சொல்கிறாரே தவிர, நீ சொன்னது சரி என்று சொல்வதில்லை! நாற்பது வருடத் தாம்பத்தியத்தை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

உங்களைச் சிரிக்க வைத்த உறவு எந்தப் படத்தில் இருக்கிறது? சிரித்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதையும் தெரிந்துகொள்ள ஆசை.

கணவாய்க்காற்று (தொப்பூர்) எழுதியது:

நான் அந்தச் சேலத்து நண்பரின் கட்சி.

நம் வணிகப் படங்கள் பல பத்தாண்டுகளாக நகைச்சுவையைத் தனித் தடமாக ஓட்டிப் பழக்கிவிட்டன. கதாநாயகி அழுது முடித்ததும் வேறொரு தெருவில் வேறு இரண்டு பேர் வந்து அடி வாங்குவார்கள். அப்படிப் பழகிய பார்வையாளருக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இளைப்பாற இடம் வேண்டும். ஓசு அதைத் தருவதில்லை. கேமராவைத் தரையோடு தரையாக வைத்துவிட்டு, எழுந்து போகாமல் பாருங்கள் என்கிறார். நம் ஆட்களால் அது முடியவில்லை, சிரித்துத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. பெற்றோரைப் பெங்களூருக்கு அழைத்துப்போய், ஒரு வாரம் மால்களைச் சுற்றிக் காட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு சொகுசுப் பேருந்தில் ஏற்றித் திருப்பி அனுப்பும் வீடுகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. படத்தில் அந்தக் கிழவனையும் கிழவியையும் அதாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்களே, அன்பினாலா? வீட்டில் இருந்தால் இடைஞ்சல், விடுதிக்கு அனுப்பினால் செலவு குறைவு என்று கணக்குப் போட்டுத்தான். இதைப் பார்த்து நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வருகிறது என்றால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

சாமந்தி (காவேரிப்பட்டணம்) எழுதியது:

பின்வரிசையில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. வழக்கைக் கூண்டில் நின்றே பேசுகிறேன்.

எங்கள் பாட்டி இறந்தபோது கருமாதி முடிவதற்குள் பித்தளை அண்டா யாருக்கு, கல் தோடு யாருக்கு என்று பேச்சு வந்துவிட்டது. பேச்சைத் தொடங்கியது என் பெரியம்மா. பாட்டி படுக்கையில் கிடந்தபோது மலம் அள்ளியதும் அதே பெரியம்மாதான். ஷிகே வாயைத் திறந்ததும் எங்கள் வரிசையில் நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு பெரியம்மா இருந்திருக்கிறாள். சிரிப்பு அங்கிருந்துதான் வந்தது. காற்று ஐயா சொல்வதுபோல் நாங்கள் எங்கும் தப்பித்து ஓடவில்லை. எங்கள் வீட்டுக்குள்தான் போனோம்.

இனி ஷிகேவைப் பற்றி. அவளை ராட்சசியாக்கிவிட்டு எல்லோரும் மருமகள் நோரிகோவுக்குக் கோயில் கட்டுகிறீர்கள். ஷிகே வீட்டிலேயே அழகு நிலையம் நடத்துகிறாள். நான் தையல் கடை வைத்திருப்பவள். வீடும் கடையும் ஒன்றாக இருந்தால் என்னவென்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் மாமியார் இருமினாலும் அது கடைக் கணக்கில்தான் சேரும். பெற்றோருக்காகக் கணவன் விலையுயர்ந்த பலகாரம் வாங்கி வந்ததும் அவள் முகம் சுளிக்கிறாள். சுளிக்கட்டும்! கல்லாவில் உட்காருபவள் அவள்தானே? வந்திருப்பவர்கள் யார் என்று கடையில் கேட்டபோது ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்கிறாளே, அதைமட்டும் என்னாலும் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அம்மா இறந்ததும் அடக்க முடியாமல் அழுகிறவளும் இவள்தான். அந்த அழுகையில் நடிப்பு இல்லை. அழுது முடித்து உடையைக் கேட்கிறாள், அதிலும் நடிப்பு இல்லை. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருவதைக் காட்டியதற்காகத்தான் நான் ஓசுவைக் கும்பிடுகிறேன்.

நோரிகோவோ, கணவனைப் போரில் இழந்து எட்டு வருடமாகத் தனியாக இருக்கும் மருமகள். அவள் அன்பு உண்மையானதுதான். ஆனால் நான் அவ்வளவு நல்லவள் இல்லை, சுயநலக்காரி என்று மாமனாரிடம் அவளே சொல்கிறாளே, அதைக் கூடத்தில் எத்தனை ஆண்கள் காதில் வாங்கினீர்கள்?

பழையகொட்டகை எழுதியது:

அந்தக் குரல் உங்களுடையதா அக்கா! அடுத்த முறை முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன்.

காற்று ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் வீட்டில் தங்க இடமில்லாமல் போனபோது, கடைசியில் நாம் வீடற்றவர்களாகிவிட்டோம் என்று கிழவர் சொல்கிறார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள். படத்தில் பாதிக்கப்பட்டவர்களே சிரிக்கும்போது, பார்ப்பவர்கள் மட்டும் ஏன் விறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும்?

அந்தக் கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான் என்பதை முதன்முதலில் படித்தபோது நம்ப முடியவில்லை. முதுகின் வளைவிலும் ‘ம்’ கொட்டும் தாமதத்திலும் இருபது வயதைக் கூட்டியிருக்கிறார். மகளாக நடித்த ஹருகோ சுகிமுரா அவரைவிட ஐந்து வயதுதான் இளையவர்.

கணவாய்க்காற்று எழுதியது:

அவர்கள் சிரிக்கலாம். அது அவர்களுடைய துயரம். நமக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

கூத்துமேடை (பாலக்கோடு) எழுதியது:

உரிமை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயில் திடலிலிருந்து வந்தது.

நம் பக்கம் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துகிலுரியும் இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையைத் தொடுவார். கூட்டத்தில் பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அதே மேடையில் அதே நேரத்தில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நின்று நக்கல் பேசிக்கொண்டிருப்பான். ராஜாவை வாழ்த்துவதுபோலவே ராஜாவின் மானத்தை வாங்குவான். பெரிய சபையில் ஒரு பெண்ணை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறீர்களே, வெட்கமில்லையா என்பதை வேறு யாரும் கேட்க முடியாது. பீஷ்மரே வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார். கோமாளி கேட்டுவிடுவான். கூட்டம் சிரிக்கும். சிரித்த வாய் மூடுவதற்குள் மறுபடி அழும்.

போரின் முடிவைக் காட்டும் படுகளத்தைப் பாருங்கள். மண்ணால் செய்த துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். ஒரு பக்கம் ஒப்பாரி நடக்கும். இன்னொரு பக்கம் துடைப்பத்தால் அடி விழும், அடி வாங்குகிறவன் ஓடுவதைப் பார்த்துச் சிறுவர்கள் உருண்டு சிரிப்பார்கள். யாரும் யாரையும் அதட்டுவதில்லை.

இந்தச் சிரிப்பையும் அழுகையையும் பிரித்து, ஒன்றுக்கு ஒரு தடம் இன்னொன்றுக்கு ஒரு தடம் என்று போட்டது சினிமாக் கொட்டகை. அந்தத் தடத்தைக் குறைசொல்கிற காற்று ஐயா, அழுகைத் தடத்தில் மட்டும் உட்காரச் சொல்வது என்ன நியாயம்? பின்வரிசைப் பெண்கள் கூத்துப் பார்ப்பதுபோல் ஓசுவைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவருக்கு இதைவிட நல்ல பார்வையாளர்கள் இந்த ஜில்லாவில் கிடைக்க மாட்டார்கள்.

ஓசூர்மூடுபனி எழுதியது:

அழுகை கலந்த சிரிப்பையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் ‘மோன் ஓன்கிள்’ (1958) படத்தை வீட்டில் போட்டுவிட்டு நல்ல திட்டு வாங்கினேன்.

அதில் ஒரு நவீன வீடு வரும். தோட்டத்தில் மீன் வடிவத்தில் ஒரு நீரூற்று. வாசலில் மணி அடித்ததும் வீட்டுக்காரி ஓடிப்போய் அதைத் திறந்துவிடுவாள். வந்திருப்பவர் முக்கியமானவர் இல்லை, சொந்தத் தம்பிதான் என்று தெரிந்தால் உடனே மூடிவிடுவாள். தண்ணீர் யாருக்குப் பாயும் என்பதை வைத்தே அந்தக் குடும்பத்தின் உறவு வரைபடத்தை வரைந்துவிடலாம்.

நான் சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவன். புது வீடு கட்டியபோது என் மனைவி முன்கூடத்தில் ஒரு சோபா போட்டாள். அதற்கு உறை உண்டு. தேன்கனிக்கோட்டையிலிருந்து என் அம்மா வந்தால் உறை அப்படியே இருக்கும். பெங்களூரிலிருந்து மைத்துனர் வந்தால் உறை எடுக்கப்படும். மீன் மூன்றாவது முறை தண்ணீர் துப்பியபோது நான் சிரித்தேன். மனைவி ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம், சோபாவைக் காட்டினேன். மீதிப் படத்தைத் தனியாகத்தான் பார்த்தேன்.

இதில் நான் கவனித்தது, தாத்தி யாரையும் கெட்டவராக்கவில்லை. வீட்டுக்காரிக்குத் தம்பி மேல் பாசம் உண்டு, அவனுக்கு வேலை வாங்கித்தர, பெண் பார்த்துக்கொடுக்கப் படாதபாடு படுகிறாள். அந்தப் பாசத்துக்கும் குழாயைத் திறக்கும் கைக்கும் தொடர்பில்லாமல் இருப்பதுதான் வேடிக்கை.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) எழுதியது:

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சோபாவைக் காட்டியிருக்கக் கூடாது. அது ஒருபுறம் இருக்கட்டும்.

கணவன் மனைவிக்கு நடுவில் இருக்கும் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் சத்யஜித் ராயின் ‘அபுர் சன்சார்’ (1959) படத்துக்குத்தான் போவேன். அபு திருமணத்துக்கு விருந்தாளியாகப் போனவன். மாப்பிள்ளைக்குச் சித்தம் சரியில்லை என்று கடைசி நேரத்தில் தெரியவர, மணமேடையில் தானே உட்கார நேர்கிறது. கல்கத்தாவில் ஒற்றை மாடி அறையில் குடித்தனம். விடிந்ததும் அவள் எழுந்தால் சேலைத் தலைப்பு அவன் துணியோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. அவிழ்த்துவிட்டு அவனை ஒரு தட்டுத் தட்டுகிறாள். அவன் சிகரெட் பெட்டியைத் திறக்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் என்று கொடுத்த வாக்கை நினைவூட்டி உள்ளே அவள் எழுதிவைத்த சீட்டு. அவன் சாப்பிடும்போது அவள் விசிறுகிறாள். அடுத்த காட்சியில் அவள் சாப்பிட, அவன் விசிறுகிறான்.

வசனம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இவ்வளவையும் ராய் அரைமணி நேரத்துக்குள் காட்டிவிட்டு அவளைக் கொன்றுவிடுகிறார். அந்தச் சின்னச் சின்னச் சிரிப்புகளை முதலில் நம் கையில் கொடுக்காமல் இருந்திருந்தால் பிரசவத்தில் அவள் இறந்த செய்தி நமக்கு வெறும் செய்தியாகப் போயிருக்கும்.

இன்னொரு ஜோடி, மணமாகாத ஜோடி. ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் ‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ (1957). பெர்க்மன் என்றாலே மரணம், கடவுளின் மௌனம் என்று பயமுறுத்திவைத்திருக்கிறார்கள். அதில் வரும் கிழட்டு மருத்துவரும் அவர் வீட்டில் நெடுங்காலமாக வேலை செய்யும் ஆக்தா அம்மாவும் காலையில் போடும் சண்டையைப் பாருங்கள். கௌரவப் பட்டம் வாங்க லுண்ட் நகரத்துக்கு விமானத்தில் போகவேண்டியவர், திடீரென்று காரில் போகிறேன் என்கிறார். அந்த அம்மாவுக்கு ஆத்திரம். நமக்குள் கல்யாணம் ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று அவர் சீற, அதற்காகத்தான் தினமும் இரவு ஆண்டவனுக்கு நன்றி சொல்கிறேன் என்கிறாள் அவள். படத்தின் முடிவில் அவர் இளகிப்போய், இனி நாம் பெயர் சொல்லியே அழைத்துக்கொள்ளலாமே என்கிறார். ஊர் என்ன பேசும் என்று மறுத்துவிடுகிறாள் ஆக்தா. மறுத்துவிட்டு, ஏதாவது தேவைப்பட்டால் கதவு திறந்துதான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். மருத்துவராக நடித்தவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். பேசாப்பட காலத்தின் பெரிய இயக்குநர். 78 வயதில் இந்தப் படத்தில் அவர் முகம் கனிவதைப் பார்க்கவே நான் அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

உரிமை பற்றிய கேள்விக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. புகழ்கிறாளா, பகடி செய்கிறாளா என்று தொண்டைமானுக்குப் புரிய ஒரு நாழிகை ஆகியிருக்கும். அதியமானிடம் அவளுக்கு இருந்த நெருக்கம்தான் அந்தத் துணிச்சலைக் கொடுத்தது. நெருக்கமானவர்களுக்குச் சிரிக்கும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது, யாரும் பட்டா போட்டுக் கொடுப்பதில்லை.

அரூர்ப்பறவை எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அபுர் சன்சாரில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மனைவி அபர்ணாவாக நடித்த ஷர்மிளா தாகூர் பிறந்தது 1944 டிசம்பர். படம் வெளியானது 1959 மே. படப்பிடிப்பில் அவருக்கு என்ன வயது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கதையிலும் அவள் சிறுமிதான். யாரோ ஒருவனுக்குக் கட்டிவைக்க இருந்தவளை, முகூர்த்தம் தப்பினால் பெண் வாழ்வே போயிற்று என்று இன்னொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலை முடிச்சும் சிகரெட் சீட்டும் அழகாகத்தான் இருக்கின்றன. அந்த அழகினாலேயே நாம் மேற்படி விஷயத்தை மறந்துவிடுகிறோம்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்திய செய்தி இன்றும் நாளிதழில் வருகிறது. பத்தாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கோடை விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. அவளுக்கு அமைந்த கணவன் விசிறுகிறானோ என்னவோ, எனக்குத் தெரியாது.

மாந்தோப்பு எழுதியது:

அம்மா, நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றைப் பார். அவளைக் கேட்கவில்லை என்பது ராயின் கண்ணில் படாமல் போகவில்லை. கல்கத்தா வந்த முதல் நாள் ஜன்னல் திரையின் கிழிசல் வழியே பார்த்து அவள் தனியாக அழும் காட்சி இருக்கிறது. கீழே ஒரு குழந்தையும் தாயும் விளையாடுகிறார்கள். அதைப் பார்த்தபடிதான் அழுகையை நிறுத்துகிறாள். ராய் முதலில் அழுகையை வைத்துவிட்டு, அதன் மேல்தான் விளையாட்டை வைத்தார்.

முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். கோடை விடுமுறைக்குப் பிறகு காலியாகும் இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்த விசிறிக் காட்சி வரும்போது என் முகம் மலரத்தான் செய்யும். அதை மாற்ற முடியும் என்று தோன்றவில்லை.

நெறியாளர்:

இழை அழகாகப் போகிறது. படத்தின் முடிவைச் சொல்லும் முன் ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள் என்று இரண்டு பேர் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். எழுபது வருடத்துக்கு முன் வந்த படத்துக்கு எச்சரிக்கை தேவையா என்ற விவாதத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளவும்.

கணவாய்க்காற்று எழுதியது:

கூத்து நண்பரின் பதிவு என்னை யோசிக்க வைத்தது, கட்சி மாற வைக்கவில்லை. கட்டியக்காரனுக்கு மேடையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவன் சிரிக்க வைப்பது பலம் உள்ளவனைப் பார்த்து. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் என் வழக்கே இருக்கிறது.

அதற்கு அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ (1981) நல்ல உதாரணம். தரவாடு எனப்படும் பழைய கேரளக் கூட்டுக் குடும்பத்தின் கடைசிக் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், உன்னி. வளவுக்குள் மாடு நுழைந்து மேய்கிறது. சாய்வு நாற்காலியை விட்டு எழாமல் தங்கை ராஜம்மாவைக் கூப்பிடுகிறான். எலி வந்தால் அலறுகிறான். வெளுத்த வேட்டியும் குடையுமாகக் கல்யாணத்துக்குப் புறப்பட்டவன், வழியில் சேறு தேங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறான். கரமனை ஜனார்த்தனன் நாயர் இதை நடிக்கும்போது சிரிக்காதவன் மனிதனே இல்லை. அங்கே நான் சிரித்தேன், தாராளமாகச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது, நான் எங்கள் வீட்டில் மூத்தவன், மூன்று தங்கைகளுக்கு அண்ணன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் இப்போதும் குரல்தான் கொடுக்கிறேன், எழுந்து போவதில்லை.

ஆனால் அந்த உன்னியின் சோம்பலுக்கு விலை கொடுப்பவள் ராஜம்மா. அவளுக்கு வந்த வரனை அவன் தட்டிக்கழிக்கிறான், அவள் போய்விட்டால் வெந்நீர் வைப்பது யார்? மணமாகிப்போன அக்காள் பங்கு கேட்டு வருகிறாள். அவளைப் பார்த்தும் கூடத்தில் சிரிப்பார்கள், பேராசைக்காரி என்று. நம் மாநிலத்தில் 1989இல் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்த பிறகும் பங்கு கேட்ட அக்காள் தங்கைகளை இப்படித்தானே பார்க்கிறோம்? ஷிகேவைப் பார்த்து வந்த சிரிப்பும் எனக்கு அப்படித்தான் கேட்டது. சாமந்தி வேறு காரணம் சொல்கிறார். அவர் சொல்வதை நம்புகிறேன். முன்வரிசை ஆண்கள் சிரித்ததற்கும் அதே காரணமா என்று அவராலும் சொல்ல முடியாது.

சாமந்தி எழுதியது:

முன்வரிசை ஆண்கள் எங்களுக்குப் பிறகுதான் சிரித்தார்கள். அனுமதி கிடைத்தது என்று நினைத்திருப்பார்கள். காற்று ஐயா சொல்லும் வேறுபாடு எனக்குப் புரிகிறது. ஒரே காட்சிக்கு இரண்டு சிரிப்பு இருக்கலாம்.

எலிப்பத்தாயத்தை நான் வீட்டில் கைப்பேசியில் பார்த்தேன். நீங்கள் சிரித்த மாடு காட்சியில் எனக்குச் சிரிப்பே வரவில்லை ஐயா. கைவேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறாளே ராஜம்மா, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரதாவின் அந்த நடை! இடுப்பில் வலி ஏறியவள் நடக்கும் நடை அது. எனக்குச் சிரிப்பு வந்தது கடைசியில், ஊரார் உன்னியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் எறியும்போது. (எச்சரிக்கை: முடிவைச் சொல்லிவிட்டேன். நெறியாளர் மன்னிக்கவும்.)

உங்கள் தங்கைகள் மூவரும் இந்த இழையைப் படிக்கிறார்களா?

கணவாய்க்காற்று எழுதியது:

ஒருத்தி படிக்கிறாள். தண்ணீர் நானே எடுத்துக் குடிக்க வேண்டும் என்று சற்றுமுன் உத்தரவு வந்துவிட்டது.

ஓசூர்மூடுபனி எழுதியது:

தமிழ்ப் படம் ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லையே?

அரூர்ப்பறவை எழுதியது:

‘அவள் அப்படித்தான்’ (1978) இருக்கிறது. ருத்ரய்யாவின் படம். பெண் விடுதலை பற்றி ஆவணப்படம் எடுக்க வருகிறான் அருண். மஞ்சுவைப் புரிந்துகொண்டதுபோல் பேசிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நிற்கிறான். காரில் போகும்போது மஞ்சு அந்தப் புது மனைவியிடம் பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறாள். எனக்கு அதைப் பற்றியெல்லாம் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்கிறாள் மஞ்சு.

விடுதி அறையில் ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம். அந்த வசனத்தில் வெடித்துச் சிரித்தோம், அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. முற்போக்காகப் பேசும் ஆண் ஒருவன் நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், முரடனாக வரும் ரஜினிகாந்த் பாத்திரத்தைவிட அவன்தான் படத்தின் பெரிய வேடிக்கை.

அடூரின் ‘மதிலுகள்’ படத்தையும் சொல்ல வேண்டும். ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கமிருந்து நாராயணியின் குரல் மட்டும் வருகிறது. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல், கடைசிவரை முகத்தைக் காட்டுவதில்லை. அவள் ரோஜாச் செடி கேட்கிறாள், மம்மூட்டி சுவருக்கு மேலே அதை எறிகிறார். பார்க்காத பெண்ணிடம் ஒருவன் இத்தனை நாணி, இத்தனை பொய் பேசிச் சிரிக்க வைக்க முடியுமா! ஓசூர் ரோஜாத் தோட்டங்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வரும்.

கூத்துமேடை எழுதியது:

அடுத்த திரையிடலுக்கு ஓசுவின் ‘குட் மார்னிங்’ (1959) போடுங்கள். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித்தரவில்லை என்று அண்ணனும் தம்பியும் பேசாவிரதம் இருக்கும் படம். பெரியவர்கள் மட்டும் என்ன பேசுகிறீர்கள், காலை வணக்கம், நல்ல வெயில், இதைத் தவிர ஒன்றுமில்லையே என்று அந்தப் பையன் அப்பனை மடக்குவான். குசு விடும் போட்டியும் உண்டு. கணவன் விட்டால், கூப்பிட்டீர்களா என்று மனைவி ஓடி வருவாள்! டோக்கியோ ஸ்டோரி எடுத்த அதே கை எடுத்தது. சேலத்து நண்பரைக் கட்டாயம் அழைக்க வேண்டும், எங்கே சிரிக்க அனுமதி என்று அவரே சொல்லட்டும்.

பழையகொட்டகை எழுதியது:

குழந்தைகளும் வருவதால் குட் மார்னிங் நல்ல யோசனை. ஆனால் சாமந்தி அக்கா வேறு படம் கேட்டிருந்தார்.

சாமந்தி எழுதியது:

ஆமாம், ராயின் ‘மகாநகர்’ (1963). ஆரதி வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் வேலைக்குப் போகிறாள். வேலை இழந்த கணவன் சுப்ரதா ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து மேசையில் அவள் ஒருவரிடம் என் கணவர் பெரிய தொழில் செய்கிறார் என்று பெருமையாகச் சொல்வது அவன் காதில் விழுகிறது. செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். நான் பார்த்தவரை அந்த இடத்தில் சிரிக்கவும் செய்யலாம், நெஞ்சு அடைத்துக்கொள்ளவும் செய்யலாம். கூடத்தில் எந்த வரிசையிலிருந்து எது வருகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

கணவாய்க்காற்று எழுதியது:

மகாநகருக்கு என் வாக்கு. மூன்று தங்கைகளையும் அழைத்து வருகிறேன்.

பழையகொட்டகை எழுதியது:

முடிவாயிற்று. முதலில் மகாநகர், அதற்கடுத்த மாதம் குட் மார்னிங். வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை ஆறு மணி, அதே மாடி. படியேற முடியாத பெரியவர்கள் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கீழே கடைக்குள்ளேயே ஏற்பாடு செய்யலாம். வசனம் சொல்பவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வங்காளம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்கவும்.